பதினொன்றாம் வகுப்பு எங்கே போனது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பர்களே! 

கல்லூரிக்குப் போகப்போகிற பிள்ளை உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்த்து வைக்க வேண்டியது மதிப்பெண்ணா, படிக்கும் பழக்கமா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "மார்க் இல்லேன்னா சீட் இல்லே. சீட் இல்லேன்னா காலேஜே இல்லே. காலேஜுக்கே போகாதவன் பழக்கத்தை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணுவான்?" என்றார். கைதட்டலும் வாங்கிட்டார். நானும்தான் கைதட்டினேன். ஏன்னா அதில் நியாயம் இருக்கு. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மார்க் ஒன்றுதான் சிபாரிசு. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அவர் கதவைத் திறக்கிற சாவியைப் பற்றிப் பேசினார். கதவு திறந்த பிறகு உள்ளே நடக்க வேண்டிய காலைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்தக் காலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். சரித்திரம்னதும் பின்வரிசையில் ரெண்டு பேர் கண்ணை மூடிட்டாங்க. பயப்படாதீங்க, அக்பரும் அசோகரும் வரமாட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளோட சரித்திரம்தான்.

1857ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. அதில் நுழைய ஒரு தேர்வு வைத்தார்கள். அதன் பெயர் மெட்ரிகுலேஷன். இன்றைக்கு மெட்ரிகுலேஷன்னா நமக்குக் கழுத்தில் டை கட்டுகிற பள்ளிக்கூடம் ஞாபகம் வருது. அன்றைக்கு அது பல்கலைக்கழகமே வாசலில் நின்று நடத்திய நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வு என்பது நேற்று வந்த வியாதி என்று நினைக்கிறோம்; நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக நம்மோடு இருக்கிற உறவுக்காரர்தான் அவர்!

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும், அவரோடு வந்த கரோல் விசுவநாத பிள்ளையும். தமிழ் வாத்தியாரான நான் தாமோதரம் பிள்ளை பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும். 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றிக் கொடுத்த மகான் அவர். இந்த இரண்டு பேரும் எங்கே தயாரானார்கள்? யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1823இல் ஆரம்பித்த செமினரியில். அங்கே தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. கணிதமும் வானசாஸ்திரமும் உண்டு. அது 1855இல் மூடப்பட்டது. நன்றாகக் கவனிக்க வேண்டும். 1855இல் பள்ளி மூடியாகிவிட்டது. 1857இல்தான் பல்கலைக்கழகமே பிறக்கிறது. அப்படியானால் அவர்கள் அங்கே படித்த காலத்தில் இந்தத் தேர்வுக்குப் பாடத்திட்டம் கிடையாது, மாதிரி வினாத்தாள் கிடையாது, தேர்வே கிடையாது! கதவு வைப்பதற்கு முன்னாலேயே இரண்டு பேர் நடக்கக் கற்று வைத்திருந்தார்கள். கதவு வைத்ததும் முதல் ஆளாக உள்ளே போனார்கள். இதுக்குப் பேர் என்ன நடுவர் அவர்களே? மதிப்பெண்ணா, பழக்கமா? (கைதட்டல்)

அடுத்தது புதுக்கோட்டை. 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார். வயதுக்கு வந்த பெண் படி தாண்டக்கூடாது என்று இருந்த காலம். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியாச்சு. அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். வீட்டிலேயே படிக்க வைத்தார். வீட்டிலிருந்தபடியே மெட்ரிகுலேஷன் தேறினார் அந்தப் பெண். தேறிய பிறகு ஊரில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் கல்லூரி. "பொம்பளப் புள்ளையைச் சேர்த்தா பையன்கள் கெட்டுப் போவான்கள்" என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம், 1927இல் சட்டமன்ற மேலவை, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இவ்வளவுக்கும் அஸ்திவாரம் எங்கே போடப்பட்டது? வீட்டுக் கூடத்தில், பள்ளிக்கூடமே இல்லாமல். எதிரணித் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். டியூஷன் சென்டர் வாசலில் ஸ்கூட்டியோடு காத்திருப்பது மட்டும் தயாரிப்பு இல்லே.

இப்போ எதிரணி நண்பர் எழுந்து, "ராமானுஜனை மறந்துட்டீங்களே பேராசிரியரே!" என்பார். மறக்கலே. அவர்தான் இந்த வழக்கில் ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903இல், கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் அவர் கைக்கு வருகிறது. கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது, இருந்தாலும் ஓரிரு வரி. அந்த கார் யார்? கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தவர். அதாவது நம்ம பாஷையில் டியூஷன் வாத்தியார். அந்தப் புத்தகம்? நம்ம பாஷையில் கைடு! (சிரிப்பு)

கைடு ஒண்ணுதான். மற்றவன் கையில் அது மனப்பாடப் புத்தகம். ராமானுஜன் கையில் அது வேறாக மாறியது. விடை மட்டும் இருக்கு, வழி இல்லையே என்று ஒவ்வொன்றுக்கும் வழியை அவரே தேடினார். பதினாறு வயதுப் பையன். எந்தப் பரீட்சையிலும் அது வராது, எந்த வாத்தியாரும் கேட்கமாட்டார். ஆனாலும் தேடினார். 1914இல் கேம்பிரிட்ஜ் அவரைக் கூப்பிட்டதே, அது அவருடைய மார்க்கைப் பார்த்தா? இல்லை. 1913இல் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்து.

ஆனால் நேர்மையாக அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். இதே ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வு, அதிலும் தோல்வி. திரும்ப எழுதி 1907இலும் தோல்வி. எதிரணிக்கு இது ஒரு பாயிண்ட், நானே கொடுத்துட்டேன். கல்லூரி எதையெல்லாம் கேட்கும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். அவர் மேதை, வேறொரு வாசல் அவருக்காகத் திறந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அப்படித் திறக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: கல்லூரியின் குணம் தெரிந்து அதற்கேற்ற பழக்கத்தைப் பள்ளியிலேயே ஏற்படுத்த வேண்டும்.

இந்த எஃப்.ஏ. என்றால் என்ன? பள்ளி முடித்தவன் கல்லூரிக்குள் வந்து முதல் இரண்டு வருஷம் படிக்கிற படிப்பு. பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவில் ஒரு பாலம். பிறகு அதன் பெயர் இன்டர்மீடியட் ஆனது. 1950களில் அது ஒரு வருஷமாகச் சுருங்கி, பி.யூ.சி. என்று வந்தது. இந்தத் தலைமுறைக்கு பி.யூ.சி. தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும். "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?" "பி.யூ.சி. ஃபெயில்!" அதையே பட்டம் மாதிரி சொன்ன காலம் அது! (சிரிப்பு) ஏன் அத்தனை பேர் தடுமாறினார்கள்? கிராமத்துப் பள்ளியில் பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்தவன், முதல் நாளே ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசுகிற பேராசிரியர் முன்னால் உட்கார்ந்தான். தடுமாறினான். விழுந்தான். ஆனால் விழுந்தது கல்லூரிக்குள்ளே. பேராசிரியர் பேசப் பேச எழுதுவது, நூலகத்தில் தேடுவது, தெரியாததைக் கேட்பது எல்லாவற்றையும் அந்த ஒரு வருஷம் அடிச்சுக் கற்றுக் கொடுத்தது. விழுந்து எழுந்தவன் நடந்தான்.

கோத்தாரி குழு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து, நாடு முழுவதும் பத்து, இரண்டு, மூன்று என்று படிப்பைப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தது. முதல் பொதுத்தேர்வு 1980இல். நான் அந்த வழியாக வந்தவன்தான். இதில் பெரிய நன்மை இருந்தது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கல்லூரிக்குப் போக வேண்டாம். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே படிக்கலாம். எத்தனையோ பெண்கள் அதனால்தான் மேலே படித்தார்கள். மறுக்க முடியாது.

ஆனால் நடுவர் அவர்களே, இங்கேதான் என் வழக்கின் உயிர்நாடி. நூறு வருஷத்துக்கு மேலாகப் பாலம் கல்லூரிக் கரையில் இருந்தது. 1978இல் அதைத் தூக்கிப் பள்ளிக் கரையில் வைத்தோம். பதினொன்றாம் வகுப்பு எதற்கு வந்தது? கல்லூரியின் வாசலை, பள்ளிக்குள்ளேயே பிள்ளைக்குப் பழக்கிக் காட்டுவதற்கு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரீட்சை உண்டு, மார்க் உண்டு. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை. நிதானமாகப் படி, தேடு, தவறு செய், திருத்திக்கொள் என்று கொடுத்த வருஷம் அது. அந்த வருஷத்தை நாம் என்ன செய்தோம்?

1984இல் மருத்துவம், பொறியியலுக்கு மாநில அரசு நுழைவுத் தேர்வு கொண்டு வந்தது. அதோடு பயிற்சி மையங்கள் முளைத்தன. பணம் உள்ள பட்டணத்துப் பிள்ளைக்குத்தான் வசதி, கிராமத்துப் பிள்ளைக்கு அநீதி என்று குரல் எழுந்தது. நியாயமான குரல். 2006இல் சட்டமியற்றி அந்த நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே பிளஸ் டூ மார்க். 1200க்கு எவ்வளவு? கட் ஆஃப் 200க்கு எவ்வளவு? இதுதான் பேச்சு. மார்க் மட்டும்தான் என்றானதும் பல பள்ளிகள் ஒரு கணக்குப் போட்டன. "பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்குத்தான் பொதுத்தேர்வு இல்லையே! ஜூன் மாசமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடு. ரெண்டு வருஷமும் ஒரே புத்தகம். திரும்பத் திரும்ப டெஸ்ட்." பெற்றவர்களும் அதற்குத்தான் பணம் கட்டினார்கள். "எங்க பையன் லெவன்த்லயே ட்வெல்த் முடிச்சிட்டான்" என்று கல்யாண வீட்டில் பெருமை பேசினார்கள். நடுவர் அவர்களே, அப்போ லெவன்த்தை எப்போ முடிச்சான்? (கைதட்டல்)

இது ஏதோ பேராசிரியரின் புலம்பல் என்று நினைக்காதீர்கள். அரசாங்கமே இதைப் பார்த்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் அஸ்திவாரம் இல்லாமல் பொறியியல் முதல் செமஸ்டர் கணக்கில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள் என்று தெரிந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனது. அதற்கு அடுத்த ஆண்டே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். தேர்வு இருந்தது, அதற்கு எடை இல்லை. 2017லிருந்து தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு நீட். அதை வேண்டாம் என்று சொல்லும் நியாயங்கள் வேறு மேடைக்கு உரியவை. ஆனால் அதில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி வந்தபோது, பதினொன்றைத் தாண்டிக் குதித்தவர்களுக்குத்தான் கால் சுளுக்கியது.

2021ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்து. மார்க்கை எப்படிக் கணக்கிட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் உள்மதிப்பீட்டுக்கும் 30. எந்தப் பரீட்சைக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தோமோ அந்தப் பரீட்சையே வரவில்லை! "கடந்த வருஷங்களில் என்ன செய்தாய், காட்டு" என்று காலம் கேட்டது. பரீட்சை ரத்தாகும், பாடத்திட்டம் மாறும், நுழைவுத் தேர்வு வரும், போகும், வேறு பெயரில் திரும்ப வரும். இந்த நூற்று அறுபது வருஷச் சரித்திரம் சொல்வது அதைத்தான். கதவை அடிக்கடி மாற்றுவார்கள். கால் மட்டும் நம்முடையது.

இப்போது 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், வரவேற்கிறேன். ஆனால் என் பயம் ஒன்றுதான். தேர்வு இல்லாத அந்த வருஷம் திரும்பவும் நம் கைக்கு வந்திருக்கிறது. பழையபடி அதைத் திருடிப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கொடுக்கப் போகிறோமா? பிள்ளைக்கே கொடுக்கப் போகிறோமா? சட்டம் போட்டு இதை முழுசாகத் தடுக்க முடியாது. தீர்மானிக்கப் போவது பெற்றவர்களாகிய நீங்கள். பள்ளிக்கூடத்தில் போய், "லெவன்த்ல லெவன்த் பாடம் நடத்துறீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

எங்கள் கல்லூரியில் முதல் வருஷ வகுப்புக்குள் போகிறேன். எல்லாம் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள். ஒரு மணி நேரம் பாடம் சொல்கிறேன். ஒரு பேனாவும் அசையவில்லை. முடித்ததும் ஒரு தம்பி எழுந்து பணிவாகக் கேட்கிறான்: "ஐயா, நோட்ஸ் எப்ப தருவீங்க?" இன்னொரு பெண்: "ஐயா, இதுல எது இம்பார்ட்டன்ட்?" அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டு எழுதிப் பழக்கவில்லை நாம். வள்ளுவர் நாற்பதாவது அதிகாரமாகக் கல்வியை வைத்தார். அடுத்து கல்லாமை. அதற்கடுத்து என்ன வைத்தார்? கேள்வி. நம்ம பிள்ளைகளுக்குக் கேள்வின்னா ரெண்டு மார்க் கேள்வி, அஞ்சு மார்க் கேள்வி. வள்ளுவர் சொன்ன கேள்வி காதால் கேட்பது. கற்றவர் சொல்லக் கேட்டு மனதில் வாங்குவது. அதற்குப் பிறகுதான் அறிவுடைமை என்ற அதிகாரம் வருகிறது. நாம் கேள்வியைத் தாண்டிக் குதித்து அறிவுடைமைக்குப் போகப் பார்க்கிறோம், பதினொன்றைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போன மாதிரி! (கைதட்டல்)

அப்போ வீட்டில் என்னதான் செய்யணும் என்று தாய்மார்கள் கேட்பது தெரிகிறது. செலவில்லாத காரியங்கள்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, நடத்திய பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை. மாதம் ஒரு முறை ஊர் நூலகத்துக்கு அனுப்புங்கள். பரீட்சைக்கு வராத ஒரு புத்தகத்தை எடுக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் எடுப்பது என்று பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உயிரியல் இல்லாத குரூப் எடுத்தால் மருத்துவக் கதவைத் திறப்பது கடினமாகும். கணக்கை விட்டால் பொறியியலில் பல கதவுகள் சாத்திக்கொள்ளும். பதினைந்து வயதில் எடுக்கிற அந்த முடிவுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே பேசத் தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்க உங்கள் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும், அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இதெல்லாம் முன்னோர்கள் போராடித் திறந்து வைத்த கதவுகள். முத்துலட்சுமி அம்மையாருக்கு ஒரு ராஜா தலையிட வேண்டியிருந்தது. இன்றைக்கு நம் பெண்ணுக்குச் சட்டமே ராஜாவாக நிற்கிறது.

அப்படித் திறந்த கதவுக்குள் நம் பிள்ளை தலை நிமிர்ந்து போக வேண்டும். முதல் செமஸ்டரிலேயே நாலு அரியர் வைத்துவிட்டு, "எனக்கு இது வராதுப்பா" என்று அழுதுகொண்டு திரும்பி வரக்கூடாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை அப்படித் திரும்பி வந்தால், அந்தத் தெருவில் அடுத்த பத்துப் பிள்ளைகளின் படிப்பும் கூடவே திரும்பி வந்துவிடும். நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்க் கதவு வரைக்கும் கூட வரும், வாட்ச்மேன் மாதிரி சலாம் வைக்கும்; உள்ளே வராது. உள்ளே மூன்று வருஷம், நாலு வருஷம், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கூட வருவது பழக்கம். ஆகவே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்து வைக்க வேண்டியது பெரிதும் படிக்கும் பழக்கமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும். அதோடு, காணாமல் போன அந்தப் பதினொன்றாம் வகுப்பை எங்கள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.